பார்க்கப் போனது பந்தயம்

ரங்கூன் பசுந்தாங் கடைத்தெருவில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்த அப்துல் அஜீஸ் அபுதாபிக்குப் போகப் போகிறார் என்பது, விசா வருவதற்கு முன்பே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கிளட்ச் கேபிள் வாங்க வந்தவரிடமும் சொன்னார், வழி கேட்க நின்றவரிடமும் சொன்னார்.

"மருமகன் டிக்கெட் வச்சிருக்கான். ஃபார்முலா ஒன். அந்த ஊர்ல இப்பத்தான் மொத மொதல்ல நடத்துறாங்க."

எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த பீர் முகைதீன், பர்மிய வழக்கப்படி 'ஊ' என்று மரியாதை சேர்த்துக் கேட்டார்: "ஊ அஜீஸ், மகளைப் பாக்கப் போறீங்களா, காரைப் பாக்கப் போறீங்களா?"

"ரெண்டுந்தான்."

"நாஜியா முழுகாம இருக்கு. அதை மொதல்ல சொல்லுங்க, அப்புறம் காரைச் சொல்லுங்க."

அஜீஸுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து வந்த வாடிக்கையாளரிடமும் காரைத்தான் முதலில் சொன்னார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருபது முப்பது வருஷத்து ரங்கூன் வண்டிகளுக்கு அவர் கடைதான் கதி. பழைய பப்ளிகாவும், வயசான சன்னியும், ஆள் தொங்கிக்கொண்டு போகிற ஹைலக்ஸ் லைன் காரும் நின்றுபோனால் அவர் கடை வாசலுக்குத்தான் வரும். அவரோ பன்சோடான் தெரு நடைபாதையில் விற்கிற, என்றைக்கோ அச்சான மோட்டார் பத்திரிகைகளை வாங்கி, பந்தயக் கார் படங்களைப் பார்த்தே வயதைக் கழித்தவர். இரண்டாயிரத்து ஒன்பதில், அபுதாபியில் மருமகன் யாசர் வேலை பார்த்த கம்பெனி பந்தய மைதானத்துக்கு ஏசி மாட்டிக் கொடுத்தது. அதற்காக அவனுக்கு இரண்டு டிக்கெட் தந்தார்கள். ஒன்று அவனுக்கு, ஒன்று மாமனாருக்கு.

மனைவி ஃபக்ருன்னிசாவின் திட்டம் வேறு. தின்கன்ஜூன் வீட்டில் பெட்டி கட்டும்போதே தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"இவ்வளவு தூரம் போறோம். பெரிய பள்ளிவாசலைப் பாக்கணும், பாலைவனத்தைப் பாக்கணும், ஒட்டகச் சந்தைக்குப் போகணும். வட்டமாச் சுத்துற காரைப் பாக்க எதுக்கு ப்ளேன்ல போகணும்? நம்ம வட்ட ரயில்ல ஏறுனா இன்சீன் வரைக்கும் சுத்திக் காட்டி, ஏறுன எடத்துலயே கொண்டாந்து விட்டுடுவான்."

"ரயிலும் ரேஸும் ஒண்ணா நிசா?"

"ரெண்டும் பொறப்பட்ட எடத்துக்குத்தானே திரும்ப வருது?"

அஜீஸ் பலாச்சான் இறால் வறுவல் பாட்டிலைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்.

அபுதாபியில் இறங்கியபோது ஊரே பந்தயக் களையில் இருந்தது. விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் விளக்குக் கம்பம்தோறும் கொடி. எங்கே பார்த்தாலும் அரைக்கால் சட்டை போட்ட வெள்ளைக்காரர்கள். ஓட்டல்களில் இடமே இல்லை என்றான் யாசர். பந்தயம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அதுவரைக்கும் பகல் பொழுதெல்லாம் ஊர் சுற்றலாம் என்று மாமியாரும் மருமகனும் பேசி வைத்துக்கொண்டார்கள். அஜீஸை யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பெரிய பள்ளிவாசலுக்குப் போனார்கள். தொழுகை முடிந்து வெளியே வந்த ஃபக்ருன்னிசா, வெயிலில் பளபளத்த அந்த வெள்ளைப் பளிங்கு முற்றத்தின் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டாள். தூண்களில் கல்லாலேயே கொடி படர்ந்து பூத்திருந்தது. பக்கத்தில் நாஜியா நின்றாள். யாசர் வந்து சேர்ந்தான். அஜீஸை மட்டும் காணோம்.

தேடிக்கொண்டு போனால், கார் நிறுத்துமிடத்தில் மஞ்சள் நிறக் கார் ஒன்றின் பக்கத்தில் மண்டியிட்டு, தலையைத் தரையோடு சாய்த்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். காவல்காரர் ஒருவர் அவருக்குப் பின்னால் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை.

"வாப்பா! எழுந்திரிங்க!" என்று நாஜியா பதறினாள்.

யாசர் அரபியிலும் உருதுவிலும் ஏதேதோ சொல்லிச் சமாதானம் செய்தான். காவல்காரர் கடைசியில் சிரித்துவிட்டார்.

"அவர்கிட்ட என்ன சொன்னே?" என்று கேட்டார் அஜீஸ், கைலியைத் தட்டிக்கொண்டே.

"மாமா காசை கீழ போட்டுட்டுத் தேடுறாங்கன்னு சொன்னேன்."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே."

"உண்மையைச் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டாருங்க," என்றாள் ஃபக்ருன்னிசா. "பள்ளிவாசலுக்கு வந்து காருக்குக் கீழ எதைத் தேடுறீங்க?"

சனிக்கிழமை, ஒட்டகச் சந்தை இருந்த அல் ஐனுக்குக் கிளம்பினார்கள். நேரான சாலை, இரண்டு பக்கமும் மணல். பாதி வழியில் ஒரு செம்மணல் மேட்டைப் பார்த்ததும் ஃபக்ருன்னிசா வண்டியை நிறுத்தச் சொன்னாள். செருப்பைக் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டில் ஏற ஆரம்பித்தாள். இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கியது. ஆனாலும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து கையை ஆட்டினாள்.

"ஏங்க! வாங்க! எல்லாம் அலை அலையா இருக்கு, கடலு மாதிரி!"

அஜீஸ் ஏசி காருக்குள் இருந்தபடியே கையை ஆட்டினார். நாளைக்குப் பந்தயம். காலை ரணமாக்கிக்கொள்ள அவர் தயாராக இல்லை. அது மட்டுமல்ல, ஊரில் இருந்த நாளெல்லாம் வாயை விட்டு இறங்காத கூன்யா வெற்றிலைச் சுருள் இங்கே கிடைக்கவில்லை. வெற்றிலை போட்டால் அபராதம் என்று யாசர் பயமுறுத்தியிருந்தான். வாய் சும்மா இருந்ததில் மனிதருக்கு எதிலும் பிடிப்பில்லை.

அந்தச் சும்மா இருந்த வாய்தான் வினையானது.

ஒட்டகச் சந்தையில் கறுப்பு, வெள்ளை, பழுப்பு என்று கம்பி வேலிக்குள் ஒட்டகங்கள் நின்றன. கைக்கெட்டும் தூரத்தில் நின்ற ஒரு குட்டி, ஃபக்ருன்னிசாவின் முக்காட்டைக் கடித்து இழுத்தது. அவள் சிறுபெண் மாதிரி கூவிச் சிரித்தாள். அந்த நேரத்தில், சூடான் நாட்டு வியாபாரி ஒருவர் அப்போதே கறந்த பாலை ஒரு கிண்ணத்தில் அஜீஸிடம் நீட்டினார். நுரை ததும்பிக்கொண்டிருந்தது.

"குடிக்காதீங்க," என்றாள் ஃபக்ருன்னிசா. "காய்ச்சாத பாலு."

"இது மருந்து நிசா. உடம்புக்குத் தெம்பு."

"தெம்பு எதுக்கு? நீங்களா காரு ஓட்டப் போறீங்க?"

சொன்னதற்காகவே ஒரு கிண்ணம் குடித்தார். லேசாக உப்புக் கரித்தது, நன்றாகவே இருந்தது. வியாபாரி மகிழ்ந்துபோய் இன்னொன்று கொடுத்தார். அவர் மனம் நோகக் கூடாது என்று அதையும் குடித்தார். மூன்றாவது கிண்ணத்தை ஏன் குடித்தார் என்பது அவருக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அஜீஸ் குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தார். பகல் ஆனபோது நடக்கவும் முடியவில்லை. நாஜியா கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், உப்பும் சர்க்கரையும் கலந்து தண்ணீர் கொடுத்தாள். ஒன்றும் தங்கவில்லை. மதியம் யாசர் கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தான்.

"மாமா, இந்த நிலைமையில நீங்க வர முடியாது. அவ்வளவு கூட்டத்துல…"

"தெரியுது."

"டிக்கெட்டை என் ஃப்ரெண்டு யாருக்காவது…"

"வேத்தாள் வேணாம்," என்றார் அஜீஸ். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முகத்தைக் காட்டாமலே சொன்னார்: "உங்க மாமியைக் கூட்டிட்டுப் போ."

கதவோரம் நின்ற ஃபக்ருன்னிசா திடுக்கிட்டாள். "நானா? நான் போயி என்ன பண்றது? உங்களை இப்படிப் போட்டுட்டு…"

"நாஜியா பாத்துக்கும். நீ போ. ஒண்ணு விடாம பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

அவள் ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தாள். அவர் முதுகைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொண்டு, வறுத்த பட்டாணிப் பொட்டலம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பந்தயத்தை அஜீஸ் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். அதையும் முழுசாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. முக்கியமானதெல்லாம் அவர் குளியலறையில் இருக்கும்போதுதான் நடந்தது.

"வாப்பா, யாரோ முந்திட்டாங்க!" என்று நாஜியா கூடத்திலிருந்து கத்துவாள்.

"யாரு?"

"நீலக் கலர்!"

"ரெண்டு மூணு நீலம் இருக்கும்மா!"

கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து தேடினார். தனக்கா பூசின முகம் ஒன்றும் தென்படவில்லை. பொழுது சாய்ந்து, விளக்கெல்லாம் எரிந்து, கார்கள் மின்னலாகப் பாய்ந்துகொண்டிருந்தபோது, கார்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைத் தேடிக்கொண்டிருப்பதை உணர்ந்தார். பாவம், அந்தச் சத்தத்தில் தலைவலி வந்து எங்கேயாவது ஒதுங்கி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தார்.

மறுநாள் காலையில் அவருக்கு வயிறு அடங்கியிருந்தது. ஃபக்ருன்னிசா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குரல் கட்டிப்போயிருந்தது.

"ஏன் குரல் இப்படி?"

"கத்துனேன்."

"நீயா? எதுக்கு?"

"எல்லாரும் கத்துனாங்க. நானும் கத்துனேன்." கொஞ்சம் வெட்கப்பட்டாள். பிறகு நிறுத்தவே இல்லை. "மொதல்ல காதுல பஞ்சு வச்சிருந்தேன். அந்தச் சத்தம் காதுல கேக்கலீங்க, நெஞ்சுல கேக்குது. உக்காந்த பலகையெல்லாம் அதிருது. அப்புறம் பஞ்சைத் தூக்கிப் போட்டுட்டேன். சக்கரம் மாத்துறாங்க பாருங்க, நீங்க ஒரு ஸ்பேனரைத் தேடி எடுக்குறதுக்குள்ள நாலையும் மாத்தி, எண்ணெயும் ஊத்தி அனுப்பிட்டாங்க. யாரும் யாரையும் திட்டல!"

"திருப்பத்துல பிரேக் எங்க போடுறான்? பாத்தியா?"

"பாத்தேனே. சுவத்துல மோதிடுவான்னு நான் கண்ணை மூடிக்கிற எடத்துலதான் போடுறான்."

இதைவிடச் சரியான பதிலை எந்தப் பத்திரிகையிலும் அவர் படித்ததில்லை. பொறாமையாக இருந்தது. கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் போலவும் இருந்தது.

ரங்கூன் திரும்பிக் கடை திறந்த அன்றைக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. பீர் முகைதீன் டீயோடு வந்தார். டாக்சி ஓட்டும் ஷம்சுதீன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்தார். லைன் கார் முதலாளி பர்கத்துல்லா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அஜீஸ் பள்ளிவாசலைப் பற்றிச் சொன்னார். மணல் மேட்டைப் பற்றி, ஏதோ அவரே ஏறி இறங்கினவர் மாதிரி சொன்னார். சந்தையைச் சொன்னார், பாலை மட்டும் சொல்லவில்லை.

"அதெல்லாம் சரி, ரேஸு?" என்றார் ஷம்சுதீன்.

"சத்தம்னா சத்தம், அப்படியொரு சத்தம்…"

"ரப்பர் கருகுற வாசம் அடிச்சுதா?" என்று கேட்டார் பர்கத்துல்லா. "அதைத்தான் நான் கேக்கணும்னு இருந்தேன்."

தொலைக்காட்சியில் எல்லாம் வந்தது, வாசம் மட்டும் வரவில்லை. மூன்று பேரும் அஜீஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடித்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் எப்படி வாசம் என்று அடுத்து கேட்பார்களே!

"நான் போகலங்க," என்றார். "ஒட்டகப் பாலைக் குடிச்சு வயிறு கெட்டுப்போச்சு. நிசாதான் போயிட்டு வந்துச்சு."

பீர் முகைதீன் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. தெருவே திரும்பிப் பார்த்தது. அஜீஸும் வேறு வழியில்லாமல் சிரித்தார். சிரித்து முடிந்ததும் பர்கத்துல்லா எழுந்து, பெண்களுக்கான பர்மிய மரியாதைச் சொல்லோடு, "அப்ப டோ ஃபக்ருன்னிசாவைக் கூட்டிட்டு வாங்க," என்றார்.

மறுநாள் அவள் சாப்பாட்டு அடுக்கோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அஜீஸின் நாற்காலியிலேயே அவளை உட்கார வைத்தார்கள். அவர் நின்றுகொண்டே கேட்டார். ரப்பர் வாசமா, ஆமாம், கருகின வாசத்தோடு இனிப்பாக ஏதோ கலந்த மாதிரி இருந்தது என்றாள். ஷம்சுதீன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அந்த வாரம் பூராவும் டிரைவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர் தன் வண்டி மேட்டில் ஏறும்போது இழுக்க மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம் என்று அவளிடமே கேட்டுவிட்டார்.

"அதை அவரைக் கேளுங்க," என்றாள் அவள். "நான் புது வண்டிதான் பாப்பேன்."

வாரக் கடைசியில் ஒரு பிற்பகல், கூட்டம் கலைந்த பிறகும் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை. கடையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாளே தவிர, அந்த அலமாரிகளை அவள் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இப்போது ஒரு பல் சக்கரத்தை எடுத்தாள்.

"ஏங்க, இது என்ன?"

அஜீஸ் நிமிர்ந்தார். கேலிக்குக் கேட்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை.

"கியர் சக்கரம்."

"என்ன செய்யும்?"

அவர் எழுந்து வந்து, பெரியதாக இன்னொன்றை எடுத்து, இரண்டையும் பல்லோடு பல் பொருத்திக் காட்டினார். சின்னதை மெதுவாகச் சுற்றினார். பெரியது நகர்ந்தது.

"பாரு, இந்தச் சின்னது பல தடவை சுத்துனாத்தான் பெரிசு ஒரு சுத்து சுத்தும். அப்பத்தான் மேடு ஏற பலம் கிடைக்கும்."

அவள் தானே ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். விரலில் கிரீஸ் ஒட்டியது. யோசிக்காமல் அவர் கைலியில் துடைத்தாள்.

"அப்ப பாடுபடுறதெல்லாம் சின்னது," என்றாள். "பேரு மட்டும் பெரிசுக்கு."

அஜீஸ் அவளைப் பார்த்தார், கையிலிருந்த சக்கரத்தைப் பார்த்தார். பிறகு தெருப் பக்கம் திரும்பி, பீர் முகைதீனுக்கு இரண்டு டீ என்று விரலைக் காட்டிவிட்டு, அவள் உட்கார நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.