இடது பக்கத்துக் கீறல்கள்

என் கணவருக்கு ஊர் வைத்த பெயர் பாஸ் சார். லைசென்ஸ் வாங்க வருகிறவர்களை மைதானத்தில் வண்டி ஓட்டச் சொல்லித் தேர்வு நடத்துவது அவர் வேலை. அவரிடம் வந்தவர்கள் யாரும் ஃபெயில் ஆனதில்லை. யார் கையிலிருந்தும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கமாட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். எதிரில் நிற்கிறவன் கண் கலங்கினால் இவருக்கு மனசு இளகிவிடும், அவ்வளவுதான். அந்த இளகிய மனசை வீட்டில் என்னிடம் மட்டும் காட்டியதே இல்லை.

"ஒரு கையெழுத்துல ஒரு குடும்பம் சாப்பிடுது. இந்தப் புண்ணியமெல்லாம் நம்ம பொண்ணுக்குத்தான் போய்ச் சேரும்" என்பார். நான் கேலி செய்தாலும் உள்ளுக்குள் பெருமைதான். கடைத்தெருவில் அவரோடு நடந்தால் டாக்ஸிக்காரர், லாரிக்காரர், பஸ் டிரைவர் என்று வழியெல்லாம் வணக்கம் விழும். மந்திரி பெண்டாட்டி மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன்.

போன மாதம் மகளின் பள்ளி வேனுக்குப் புது டிரைவர் வந்தார். முதல் நாள் காலை வாசலில் ஹாரன் அடித்தவர், என் கணவரைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சார், என்னைத் தெரியுதா? போன இடத்துலயெல்லாம் தொரத்தி விட்டாங்க. நீங்கதான் சார் கை குடுத்துத் தூக்கி விட்டீங்க. பாப்பா உங்க பொண்ணா? இனிமே எனக்கும் பொண்ணு மாதிரி சார்."

என் கணவர் சிரித்தார். சிரித்தார் என்று சொல்வதைவிடப் பல்லைக் காட்டினார் என்று சொல்லலாம். மகள் ஏறினாள். வேன் கிளம்பும்போது அதன் இடது பக்கம் பக்கத்து வீட்டு கேட்டில் லேசாக உரசியது. டிரைவர் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கும் அது ஒரு விஷயமாகப் படவில்லை. இவர் மட்டும் டீயைக் குடிக்காமல் ஆறவிட்டு வேலைக்குப் போனார்.

அன்றிலிருந்து மனிதர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். மாலையில் வேன் வந்தால் மகளைத் தூக்க ஓடுகிறவர், இப்போது முதலில் வேனின் இடது பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். நாளுக்கு நாள் அங்கே கீறல்கள் கூடிக்கொண்டே போயின. பழைய கீறலின் மேல் புதுக் கீறல். பிள்ளைகள் ஏறி இறங்கும் கதவும் அந்தப் பக்கம்தான்.

தெருவில் நடக்கவும் பயந்தார். ஒருநாள் பஸ்ஸில் ஏறினோம். டிரைவர் கண்ணாடி வழியாக இவரைப் பார்த்துக் கும்பிட்டார். அடுத்த நிறுத்தத்திலேயே இவர் என்னை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். இன்னொரு நாள் சாலையைக் கடக்கும்போது ஒரு லாரி எங்களை ஒட்டி வந்து நின்றது. மேலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து, "சார், சௌக்கியமா?" என்றது. இவர் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஊரில் ஓடுகிற சக்கரமெல்லாம் தன்னைத்தான் தேடி வருகிறது என்பதுபோல ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். எனக்கு எரிச்சலாகவும் வந்தது, பயமாகவும் இருந்தது.

"பேயடிச்ச மாதிரி இருக்கீங்க. என்னன்னு சொல்லித் தொலைங்க" என்றேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

துணி மடித்துக்கொண்டிருந்தோம். மகளின் சீருடையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அந்த டிரைவருக்கு இடது கண்ணு தெரியாது. லைசென்ஸுக்கு வந்த அன்னைக்குக் கண் டெஸ்டுக்கு எழுத்துப் பலகையை மாத்தி வச்சிருந்தோம். அவரு பழைய பலகையில இருந்ததை மனப்பாடமா ஒப்பிச்சாரு. வண்டிய எடுத்தாரு, இடது பக்கத்துக் கம்பம் ஒண்ணு விடாம சாய்ச்சாரு. அப்புறம் என் முன்னாடி நின்னு அழுதாரு. பாஸ்னு போட்டுட்டேன்."

கையிலிருந்த துணியைக் கீழே போட்டேன். "நாளையிலேருந்து அவ வேன்ல போக வேண்டாம். நான் கார்ல கொண்டு விடறேன்."

"வேன்ல மத்த பிள்ளைங்களும் இருக்கே."

"அதை அவங்கவங்க வீட்டுல பாத்துப்பாங்க. நம்ம பொண்ணு எறங்கினா போதும்."

சொன்னேன்தான். பெற்றவள் வாயில் அதுதான் முதலில் வரும். அவர் மடியிலிருந்த சீருடையை மடித்து ஓரமாக வைத்தார்.

"நீயும் ஓட்ட வேண்டாம்."

"ஏன், எனக்கென்ன குறைச்சல்?"

"உனக்கு லைசென்ஸ் குடுத்தது யாரு?"

எங்கள் கல்யாணக் கதையே அதுதான். அந்த மைதானத்தில்தான் ஒருவரையொருவர் பார்த்தோம். யார் கேட்டாலும் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்லுவேன்.

"ரிவர்ஸ் எடுத்தப்ப நீ கண்ணாடியப் பாக்கவே இல்ல. பின்னாடி கெடந்த பெஞ்சை இடிச்சிட்டு என்னைப் பாத்துச் சிரிச்ச. நானும் சிரிச்சேன்."

வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். திட்டிக்கொண்டே போய்க் காரைப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க ஒடுக்கு. ஒவ்வொன்றுக்கும் யார் மேலாவது பழி போட்டிருந்தேன்: எவனோ குருட்டுத்தனமாக வந்து இடித்தான், எதிர்வீட்டார் தூண் கட்டிய இடம் சரியில்லை. கர்மா என்றால் அது ஏதோ அடுத்த ஜென்மத்து விவகாரம், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அது எங்கள் வீட்டு ஷெட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. வாராவாரம் நான்தான் அதைத் துடைத்தும் வைத்தேன்.

மறுநாள் காலை வேன் வந்து ஹாரன் அடித்தது. மகள் பையை மாட்டிக்கொண்டு ஓடினாள். இவர் அவளை முந்திக்கொண்டு போய் டிரைவரை இறங்கச் சொன்னார்.

"நேராப் பாருங்க. தலையைத் திருப்பாதீங்க. வலது கண்ணைப் பொத்திக்கங்க."

"எதுக்கு சார்?" என்று சிரித்துக்கொண்டே டிரைவர் பொத்திக்கொண்டார்.

"பாப்பா எங்க நிக்கறா?"

மகள் அவருக்கு இடது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றாள். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினாள்.

"இன்னும் வெளிய வரலியே சார்?" என்றார் டிரைவர்.

வேன் ஜன்னல்களில் பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. இவர் கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க."

டிரைவருக்குப் புரிந்துவிட்டது. "சார், வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு சார்" என்று அழ ஆரம்பித்தார். இவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஆனால் நீட்டிய கையை இந்த முறை மடக்கவில்லை.

"தப்பு என்னோடதுங்க. உங்களுக்கு வேற வேலைக்கு நான் வழி பண்றேன்."

"அன்னைக்கே ஃபெயில் போட்டிருந்தா அப்பவே வேற தொழில் கத்துக்கிட்டிருப்பேனே சார். நீங்க வாழவச்சீங்கன்னு இத்தனை நாளா கும்பிட்டுட்டு இருந்தேனே."

சாவியை வாங்கிக்கொண்டு, இவர் என் பக்கம் திரும்பி இன்னொரு கையையும் நீட்டினார். நான் கார் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

வேனை இவரே ஓட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டார். அங்கிருந்து நேராகத் தன் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இப்படி எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டார்களாம். ஞாபகம் இல்லை என்றாராம். கேட்ட அதிகாரி எழுந்து போய் ஜன்னல் வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாராம். வேலை போய்விடும் என்று போனில் சொன்னார். போகட்டும் என்றேன்.

மாலையில் மகளை அழைத்துவர நடந்தே போனேன். திரும்பும்போது பெரிய சாலையைக் கடக்க வெள்ளைக் கோட்டருகே நின்றோம். ஒரு கார் வேகத்தைக் குறைத்து எங்களுக்காக நின்றது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கினார். வாயெல்லாம் சிரிப்பு.

"பாஸ் சார் வீட்டம்மாதானே? சாரைக் கேட்டதாச் சொல்லுங்க. நீங்க போங்கம்மா, நான் நிறுத்திட்டேன்ல."

"இல்ல, நீங்க மொதல்ல போங்க."

"அட, பரவால்ல. போங்கம்மா."

இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. அவர் கால் எதன்மேல் இருக்கிறது என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

"அதான் நின்னுட்டாங்களேம்மா, வா போலாம்" என்று மகள் கையை இழுத்தாள். நான் அவள் கையை விடவில்லை. அவர் சிரித்தபடி காத்திருந்தார்.