மூன்றாவது பெயர்

சாமியார் சனங்கள் எழுதிக்கொடுத்த ஜெபச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துக்கொண்டே போனார். மடாலயக் கோயிலுக்குள், அந்தக் காலத்து ராஜாவின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று, செத்துப்போனவர்களின் பெயர்களை ஒரே ராகத்தில். ஒத்திலியா பாதிக் காதோடுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சவேத்தா, கவ்ரில், ஒத்திலியா...”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சாமியார் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

சவேத்தா அம்மா. மார்ச்சில் போனாள். கவ்ரில் அப்பா, இதோ, இரண்டடி தள்ளி, பளிங்கில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்.

சீட்டில் இடது பக்கம் உயிரோடு இருப்பவர்கள், வலது பக்கம் இறந்தவர்கள். எழுதப் பழகிய நாளிலிருந்து அந்த மூன்று பெயர்களையும் அவள் ஒரே மூச்சில்தான் எழுதிவந்திருக்கிறாள், எப்போதும் இடது பக்கம். இன்று, பின்னால் வரிசை நெருக்க, அண்ணன் வீட்டாரை இடது பக்கம் எழுதிவிட்டு அம்மாவை வலது பக்கத்தில் எழுதினாள். அதோடு கை நிற்கவில்லை. பழக்கத்தில் மற்ற இரண்டு பெயர்களையும் அடியிலேயே எழுதிவிட்டது.

அப்பாவுக்குக் காது மந்தம். கேட்டிருக்காது என்று சொல்லிக்கொண்டாள்.

அவள் இந்த மடாலயத்துக்கு வந்ததே தன் பெயரை வாசிக்கச் சொல்லத்தான். இடது மார்பில் ஒரு கட்டி. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், செவ்வாய்க்கிழமை முடிவு. அப்பாவிடம் சொல்லவில்லை. ராஜாவைப் பார்க்கப் போகலாம் என்று மட்டும் சொல்லி பஸ்ஸில் ஏற்றி வந்தாள்.

முற்றத்துப் பெஞ்சில் அப்பா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டி. ரெண்டு பேரும் பக்கத்துலயே படுத்திருக்காங்க. பாவம் மனுஷன், செத்தும் நிம்மதி இல்ல.”

“அப்பா, கோயில் வாசல்ல பேசற பேச்சா இது?”

“உங்கம்மா இருந்தா சிரிச்சிருப்பா. உன் மூஞ்சி ஏன் சுண்ணாம்பு மாதிரி இருக்கு?”

“பசி.”

அவர் அவளையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“எனக்குத் தண்ணி கொண்டா. குழாய்த் தண்ணி வேணாம். கீழ, ஊத்துத் தண்ணி.”

“அவ்வளவு தூரம் போகணுமாப்பா?”

“உன்னை விட்டுட்டு பஸ் போயிடாது. போ.”

ஊற்றுக்கு இறங்கும் பாதை முழுக்க பீச் மர இலைகள் உதிர்ந்து கிடந்தன. சீட்டைத் திருப்பி வாங்கிவிட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் யாரிடம், எப்படிச் சொல்வது? வாயைத் திறந்து சொன்னால் அது உறுதியாகிவிடும்போல இருந்தது. பாட்டில் நிறைந்து வழிந்து கையெல்லாம் நனைந்த பிறகுதான் ஊற்றுக் குழியிலிருந்து எடுத்தாள்.

திரும்பி வந்தபோது அப்பா அதே பெஞ்சில்தான் இருந்தார். நெற்றியில் வியர்வை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. இரண்டு மடக்குக் குடித்தார்.

“நல்லாருக்கு” என்றார்.

அவள் பாட்டிலை மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவரில் வெயில் கொஞ்சம் நகர்ந்தது. வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. அப்பா எழுந்திருக்கவில்லை.

பஸ்ஸில் வந்த பெண்கள் ஓடி வந்தார்கள். “மெழுகுவர்த்தி, மெழுகுவர்த்தி! கையில வெளிச்சம் இல்லாம போகக்கூடாது!” என்று ஒருத்தி கத்தினாள். டிரைவர் தன் லைட்டரால் ஒன்றைப் பற்றவைத்து அப்பாவின் விரல்களுக்குள் செருகி, தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன்பே போய்விட்டாரா என்று யாரும் சொல்லவில்லை. ஒத்திலியாவும் கேட்கவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. சவேத்தா, கவ்ரில் என்று மனம் எண்ணியது. வெட்கமாக இருந்தது, அப்பா இன்னும் முழுதாகக் குளிரவில்லை. சவேத்தா, கவ்ரில். எண்ணிக்கை அங்கேயே போய் முட்டிக்கொண்டு நின்றது.

உடலை எடுத்துப்போக வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அவள் கோயில் படிகளில் ஏறினாள். பதினோரு படி, செங்குத்து. உள்ளே, கதவோரம், மேசைக்குப் பின்னால் சீட்டு வாங்கும் கிழக் கன்னியாஸ்திரி மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தார்.

“மதர், நான் குடுத்த சீட்டு வேணும். வலது பக்கம் சவேத்தான்னு ஆரம்பிக்கும். தப்பா எழுதிட்டேன்.”

“அதுவா? அதான் உங்கப்பா வந்து திருத்திட்டுப் போனாரே.”

“எப்ப?”

“பூசை முடிஞ்சு கொஞ்ச நேரத்துல. இந்தப் படியெல்லாம் ஏறி வந்து அவரால பேசவே முடியல. சைகையிலதான் பேனா கேட்டாரு.”

கன்னியாஸ்திரி கட்டைப் பிரித்துச் சீட்டை எடுத்து நீட்டினார்.

வலது பக்கம் மூன்றாவது பெயர் அடிக்கப்பட்டிருந்தது. ஒரு கோடு அல்ல. எழுத்தே தெரியாதபடி, தாள் கிழியும்வரை. இடது பக்கம், அண்ணன் பிள்ளைகளுக்குக் கீழே, ஆடி ஆடி, பெரிது பெரிதாக, ஒத்திலியா என்று புதிதாக எழுதியிருந்தது.

இரண்டாவது பெயரில் பேனா படவில்லை.

“இன்னொரு பேரையும் அடிக்கணுமான்னு கேட்டேன். வேணாம்னு கைய ஆட்டிட்டு இறங்கிட்டாரு. யாரு அது, கவ்ரில்? உங்க தாத்தாவா?”

ஒத்திலியா சீட்டைக் கதவு வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

“சாயங்காலப் பூசையில மறுபடி வாசிக்கச் சொல்றேன், கவலைப்படாதீங்க. இப்ப மூச்சு சரியாயிடுச்சா அவருக்கு?”

திறந்த கதவு வழியாகக் காற்று வந்தது. அவள் சீட்டை மேசைமேல் வைத்து, பறந்துவிடாதபடி இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு நின்றாள்.