தாம்பூலப் பைப் பதிப்பு

உப்பூர்ப் பிள்ளையார் மேல் சத்தியம், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தலைக்கு மேல் கூரை வேண்டாமென்று வெயிலில் உட்கார்ந்திருக்கும் சாமி அவர். அவர் பேரைச் சொல்லிப் புளுகினால் நாக்கு காய்ந்துபோகும் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

உப்பூருக்கு மேற்கே குண்டு மிளகாய் போட்டுப் பிழைக்கும் சின்னச்சாமி ஒரு நாவல் எழுதினார். அவருடைய ஒரே மகள் மாரிச்செல்வி, கண்மாயில் லாரிக்காரர்கள் சவடு மண் அள்ளிய பள்ளத்தில் விழுந்த ஆட்டைத் தூக்க இறங்கி, மேலே வராமல் போனவள். ஆடு கரையேறிவிட்டது. விசாரிக்க வந்தவர்கள், கண்மாயில் பள்ளமே இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அப்படியென்றால் என் மகள் எதில் செத்தாள் என்று கேட்பதற்குத்தான் அவர் எழுத உட்கார்ந்தார். கடைசி அத்தியாயம் அந்தப் பள்ளம். மற்றதெல்லாம் அங்கே போய்ச் சேருகிற பாதை.

சென்னைப் பதிப்பாளர்களுக்கு அனுப்பினார். ஒரு கதையை வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லாமல் இருப்பதற்குத்தான் அவர்களுக்கு வருடக்கணக்காகிறது. ஒருவர் மட்டும் பதில் போட்டார்: கண்மாய்க்குப் பதில் கடலாக இருந்தால் எடுப்பாக இருக்கும், ராமநாதபுரம் என்றால் வாசகர் கடலைத்தான் எதிர்பார்ப்பார்.

கடைசியில், ராமநாதபுரத்தில் கல்யாணப் பத்திரிகையும் தாம்பூலப் பையும் அடித்துக் கொடுக்கும் மாரீஸ்வரன் அதை ஒரே மூச்சில் படித்தான். படித்துவிட்டு அழுதான். அழத் தெரிந்த பதிப்பாளரிடம்தான் எழுதுகிறவன் கூடுதல் சாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"கடையில வச்சாக் கரையான்தாண்ணே படிக்கும். தாம்பூலப் பையில தேங்காயோட போட்டம்னா ஒரே கல்யாணத்துல ஆயிரம் வீட்டுக்குப் போயிரும். ஒரே ஒரு திருத்தம்."

"என்னப்பா?"

"பொண்ணு சாகக் கூடாது. நல்ல காரியத்துல குடுக்குறது பாருங்க."

"அவ செத்துட்டாளேப்பா."

"ஊருக்குள்ள செத்துட்டா, சரி. புத்தகத்துலயும் சாகணும்னு என்ன இருக்கு?"

"அந்தப் பள்ளத்த ஒரு பயலும் ஒத்துக்கிறல. புத்தகத்துலயும் இல்லேன்னா அது எங்கனதான் இருக்கும்?"

"சரிண்ணே, ஒங்க இஷ்டம்" என்றான் மாரீஸ்வரன். தொழில் செய்கிறவன் உங்கள் இஷ்டம் என்று சொன்னால், அவன் முடிவெடுத்துவிட்டான் என்று பொருள்.

உச்சிப்புளிக் கல்யாணத்துக்குப் போன பூமயில், சின்னச்சாமியின் மனைவி, தாம்பூலப் பையோடு வீடு வந்தாள். அட்டையில் மணமக்கள் படம். அதற்குக் கீழே சின்னச்சாமி என்ற பெயர் தேங்காய் ஈரத்தில் ஊறிக் கிடந்தது. உள்ளே பள்ளம் தாமரைக் குளமாகியிருந்தது. மாரிச்செல்வி ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினாள்.

அப்புறம் விசேஷத்துக்கு ஒரு பதிப்பு. காதுகுத்துப் பதிப்பில் ஆடு முயலாகிவிட்டது, பந்தியில் கறிச்சோறு என்பதால். மாப்பிள்ளையின் தகப்பனார் குடிப்பவர் என்று தெரிந்த ஒரு கல்யாணத்தில், கதையில் வரும் சாராயக்கடை நூலகமாயிற்று.

சின்னச்சாமி வக்கீலைப் பார்க்கச் சட்டையை மாட்டினார். பூமயில் வாசலை மறித்தாள்.

"எங்கன போறீக?"

"அந்தப் பொய்ய நிப்பாட்டப் போறேன்."

"அவ மேல வந்துட்டா. மறுபடியும் உள்ள தள்ளப் போறீகளா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அடுத்த முகூர்த்த மாதத்தில் மண்டபம் ஊரிலிருந்து ஒரு குடும்பம், பின்னட்டை விலாசத்தை விசாரித்துக்கொண்டு, பூவும் பழமுமாக வேனில் வந்து இறங்கியது. பெண் பார்க்க.

"ஆட்டையே கரையேத்துன பொண்ணு, எங்க பயலயும் கரையேத்திரும்னு தோணுச்சுண்ணே" என்றார் மாப்பிள்ளையின் அய்யா. "ஏலே சுரேஷு, நிமிந்து உக்காருலே. ஆடே தேவலன்னு நெனச்சுரப் போறாக."

பூமயில் காப்பி கொடுத்தாள். "இங்கனதான் போயிருக்கா. வந்துருவா."

காத்திருந்தார்கள். காப்பி ஆயிற்று, கேசரி ஆயிற்று. மாப்பிள்ளையின் அம்மா வாசலைப் பார்த்தாள், அப்புறம் சின்னச்சாமியைப் பார்த்தாள்.

"பொண்ணு எங்கண்ணே போயிருக்கு?"

இதற்குத்தான் அவர் இத்தனை காலம் காத்திருந்தார். விசாரிக்க வந்தவர்கள் கேட்காததை, சென்னைக்காரர்கள் கேட்காததை, யாரோ ஒரு பெண்பிள்ளை அவர் வீட்டுக்கே வந்து கேட்கிறாள். கண்மாய், பள்ளம், அதன் ஆழம், எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. பூமயில் காலித் தம்ளர்களைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"ஆடு தேடிப் போயிருக்கா" என்றார் சின்னச்சாமி. "வந்துருவா."

பூவை வைத்துவிட்டுப் போனார்கள்.

மாரீஸ்வரன் போன் போட்டான். "அண்ணே, ரெண்டாம் பாகம் கேக்குறாக. கல்யாணத்தோட முடிச்சுருங்க. வளைகாப்பு மூணாம் பாகத்துக்கு இருக்கட்டும்."

சின்னச்சாமி எழுத உட்கார்ந்தார். கண்மாய்ப் பக்கம் லாரிகள் மறுபடியும் மண் அள்ளும் சத்தம் கேட்டது. அதை அவர் எழுதவில்லை.

"முகூர்த்தச் சேலை என்ன நெறம் போடட்டும்?"

"மாம்பழ மஞ்சள்" என்றாள் பூமயில், அழாமல். "அரக்குக் கரை வைங்க. அவளுக்கு எடுக்கும்."

சத்தியம் செய்துவிட்டதால் இதையும் சொல்ல வேண்டும்: சின்னச்சாமிக்கும் பூமயிலுக்கும் பிள்ளையே பிறக்கவில்லை; மாரிச்செல்வி அவர்கள் எழுதிப் பெற்ற மகள்.