தானாகத் திரும்பிய கேமரா

கம்ப்யூட்டர்காரர் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை நான் இரண்டே நாள்தான் பொறுத்துக்கொண்டேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஒரு நட்சத்திரம், கடைசியில் ஒரு கேள்விக்குறி. சோபாவுக்கு உறை தைக்கிற ஆள் நான். ஊசியும் கையுமாக நிற்கும்போது நட்சத்திரத்தை எங்கே போய்த் தேடுவது? போதாததற்குப் போனுக்கு ஒரு எண் வரும், அதையும் தட்டினால்தான் உள்ளே விடும். என் பட்டறைக்குள் நுழைய நான் யாரிடம் அனுமதி கேட்பது? அந்த எண் வருவதை நிறுத்தினேன். எல்லாப் பாஸ்வேர்டையும் பழையபடி மாற்றினேன்: பூசணி, ஒன்று, இரண்டு, மூன்று.

பூசணி என் தங்கை. சின்ன வயதில் கன்னம் அப்படி. மெயிலோ போனோ, எங்கள் வீட்டில் எதற்கும் அந்தப் பெயர்தான் சாவி. ஒருவர் மறந்தால் இன்னொருவருக்குத் தெரியுமே. "வீட்டாளுக்குள்ள என்னடி ரகசியம்?" என்பாள் அம்மா. தங்கையின் புருஷனும் ஆறு வருடம் வீட்டாளாகத்தான் இருந்தான்.

அந்த வீட்டாள்தான் அவள் முகத்தைச் சமையல் மேடையில் மோதித் தாடையை உடைத்தான். ஒற்றைச் செருப்போடு என்னிடம் ஓடி வந்தாள். பட்டறையை நான் அப்போதுதான் புது இடத்துக்கு மாற்றியிருந்தேன், அவனுக்கு இடம் தெரியாது. பின்னறையில் ஸ்பாஞ்சு அட்டைகளுக்கு நடுவே அவளுக்குப் படுக்கை போட்டேன். அவளுக்குக் காவலாகத்தான் அந்தக் கம்ப்யூட்டர்காரரை வைத்துக் கேமரா மாட்டினேன். என் போனிலும் பட்டறைக் கம்ப்யூட்டரிலும் படம் தெரியும், பேச்சும் கேட்கும்.

பத்து நாள் கழித்து, துணி வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அது திரும்புதுக்கா. நான் போற பக்கமெல்லாம் வருது."

"ஆமா, நீ பெரிய அழகி, உன்னையே பாத்துக்கிட்டு இருக்கு. ஸ்க்ரூ லூசு. உனக்கா அதுக்கான்னுதான் தெரியல."

தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் ஸ்டூலில் ஏறிச் செருப்பால் கேமராவுக்கு இரண்டு போடு போட்டு, ஸ்க்ரூவை முறுக்கினேன். அது அசையாமல் நின்றது. அடித்தால் அடங்காதது எது என்று பெருமையாக இறங்கினேன்.

இறங்கியவள் அந்தக் கேமராவுக்குக் கீழேயே நின்றுகொண்டு தங்கைக்குப் பாடம் எடுத்தேன். "நான் இல்லாதப்ப எவன் வந்தாலும் தெறக்காத. மூணு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. அப்படித் தட்டினா நான்தான். மத்தபடி கடவுளே வந்தாலும் வெளியில நிக்கட்டும்."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, வேன்காரரோடு ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு சோபா கொண்டுபோனேன். பாதி வழியில் ஞாபகம் வந்தது: சோபாவின் நாலு கட்டைக் கால்களும் பையோடு பட்டறை வாசலிலேயே இருந்தன. என்னையே திட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

கதவு திறந்து கிடந்தது. உள்ளே, சோபாக் கட்டையில் துணியைப் பின் அடிக்கிற பின் கன்னுக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசர் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவள் கத்தியது தெருவுக்குக் கேட்கவில்லை.

அவள் கூந்தலைக் கையில் சுற்றி, வெட்டு மேஜையில் தலையை அழுத்திப் பிடித்திருந்தான். இன்னொரு கையில் என் துணிக் கத்தரி. அவள் வலது உள்ளங்கை கிழிந்து ரத்தம் மேஜையிலிருந்து சொட்டியது. "மூணு தட்டு, ஒரு தட்டு. சரியா தட்டினேனா பூசணி?" என்று சிரித்தான்.

பையிலிருந்து ஒரு கட்டைக் காலை உருவி அவன் முழங்கையில் இறக்கினேன். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. கத்தரி விழுந்தது. மறு கையால் அவன் விட்ட குத்தில் என் முன்பல் ஒன்று போயிற்று. அந்தக் கையாலேயே என் கழுத்தைப் பிடித்து மேஜையில் சாய்த்தான். எனக்குக் கண் இருட்டியது. செத்தோம் என்றே நினைத்தேன். அப்போது டக் டக் டக் என்று பின் கன் அடித்தது. தங்கை இடது கையால் அதை அவன் புறங்கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். ஒன்பது பின். அவன் மாடு மாதிரி அலறிக்கொண்டு தரையில் விழுந்தான்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முட்டியில் அடித்தேன், திரும்ப அதே முட்டியில் அடித்தேன். அவன் கெஞ்சினான், அது எனக்கு இனிப்பாக இருந்தது. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். "போதும்மா, செத்துருவான்!" என்று வேன்காரர் என் இடுப்பைப் பிடித்து இழுத்துப் போட்டபிறகுதான் கட்டை கையைவிட்டு விழுந்தது.

அவனைப் போலீஸ் தூக்கிப்போனது. தங்கையின் வலது கையில் நரம்பு அறுந்துவிட்டது. சுண்டு விரலும் மோதிர விரலும் இனி மடங்காது என்றார் டாக்டர். அவள் அந்தக் கையால்தான் ஊசி பிடிப்பாள்.

நாலாம் நாள் கம்ப்யூட்டர்காரர் வந்தார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க, தங்கை கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் நின்றாள். அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து உச்சுக்கொட்டினார்.

"மொதல்ல மெயிலுக்குள்ள வந்திருக்கான். பட்டறை விலாசம் அதுலதான் கெடச்சிருக்கு. அப்புறம் கேமரா. எட்டு நாளா தெனமும் அவன் போன்லேர்ந்தே அதைத் திருப்பித் திருப்பிப் பாத்திருக்கான், கேட்டிருக்கான். எதையும் உடைக்கலம்மா. மொத தடவையே சரியான பாஸ்வேர்டு." என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா நான் போட்டது இது இல்லையே? போனுக்கு எண் வர்றதும் நின்னிருக்கு. யாரு மாத்தினது?"

அவன்தான் மாற்றியிருப்பான் என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. தங்கை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்," என்றேன்.

அவள் கத்துவாள், அறைவாள் என்று காத்திருந்தேன். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"எந்திரிக்கா," என்றாள்.

எழுந்தேன். என் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். இடது கையின் ஒற்றை விரலால் புதுப் பாஸ்வேர்டுக்கு எழுத்தைத் தேட ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திக் கட்டுப் போட்ட கையைக் கீபோர்டுக்கு மேலே கூரைபோலப் பிடித்தாள்.

"அக்கா, அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

நான் சுவரைப் பார்த்து நின்றேன். பதினெட்டுத் தட்டு கேட்டது. கொஞ்ச நேரத்தில் எண் வந்த சத்தமும் கேட்டது, அவள் போனில்.