ஒரு நகல் போதும்

கணினியின் சேமிப்பு வட்டு நிறைந்துகொண்டே வந்தபோது அந்த யோசனையைச் சொன்னவன் நான்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் மென்பொருள் தொகுப்புகளின் நிரல்களையெல்லாம் நாங்கள் நாலு பேர் திரட்டிக்கொண்டிருந்தோம். ஒரு வரியைத் தட்டினால் அது எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று காட்டும் தேடல் அட்டவணைக்காக. ஆனால் ஒரே நிரல் நூறு இடத்தில் கிடந்தது. "நிரலுக்கு நடுவுல விளக்கத்துக்காக எழுதுற குறிப்பு வரிகளைக் கழிச்சுட்டு ஒப்பிடுவோம். ஒண்ணா இருந்தா, அதிகம் பேர் பயன்படுத்துற தொகுப்போட நகலை மட்டும் வெச்சுக்கலாம்" என்றேன். பாதி இடம் மிச்சமானது. முதுகில் தட்டினார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

மனைவியின் தம்பி ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டான்: "மாமா, தேதி மாத்துற நிரல் நான் எழுதினது. உங்க தேடல்ல போட்டா வேற பெரிய தொகுப்போட பேர் வருது. அவங்கதான் என்கிட்டேர்ந்து எடுத்தாங்க."

"உன் தொகுப்ப உன்னையும் சேர்த்து மூணு பேர் பயன்படுத்துறாங்க. இதுக்கொரு பஞ்சாயத்தா?" என்று சிரித்தேன். "சரி, பாக்கலாம்."

அவனும் சிரித்தான். எழுதியவர் பெயர் இருப்பதே அந்தக் குறிப்பு வரிகளில்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல. விதியை மாற்றி எழுதுவது ஒரு மதியம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. நான் உட்காரவில்லை. அலட்சியம்தான், வேறென்ன? சொல்லவே நா கூசுகிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு வேலைக்கான நேர்காணலில் அவன் அந்த நிரலைக் காட்டியிருக்கிறான். கேள்வி கேட்டவர் எங்கள் தேடலில் ஒரு வரியைத் தட்டிவிட்டு, "அடுத்தவங்க எழுதினதக் கொண்டு வந்திருக்கீங்களே" என்று திரையை அவன் பக்கம் திருப்பினாராம். மனைவிதான் சொன்னாள்.

மறுநாளே விதியை மாற்றினேன். முதலில் வெளியிட்டவரின் பெயரே இனி வரும். எல்லாவற்றையும் மறுபடி திரட்ட மூன்று நாள் ஓடியது. தட்டிப் பார்த்தேன், பழைய பெயரே வந்தது. அவனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"தொகுப்ப அன்னைக்கே இணையத்துலேர்ந்து எடுத்துட்டேன் மாமா. என் கணினியிலயும் அழிச்சுட்டேன். திருடன்னு சொன்ன கோவம். இப்ப யோசிச்சா, என் பேரும் தேதியும் இருந்த அந்தத் தொகுப்ப அந்த ஆளுக்கு அனுப்பிக் காட்டியிருக்கலாம்னு தோணுது. பரவாயில்ல, உங்ககிட்ட எல்லாரோடதும் ஒரு நகல் இருக்கும்ல?"

"இல்லடா" என்றேன். "உன்னோடத நான் வெச்சுக்கல."