நாற்பதைத் தாண்டக் கூடாத வண்டி

காலை எட்டரை மணிக்கே வண்டியின் சீட் கை வைக்க முடியாமல் சுட்டது. மெக்கானிக் ஒரு குவளைத் தண்ணீரை அதன் மேல் ஊற்றினான். வழிந்து கீழே வருவதற்குள் பாதி காய்ந்துவிட்டது.

“ஏறுங்க மாமா. இதுக்கு மேல ஆறாது.”

தையல்காரர் ஏறினார். தொடை எரிந்தது.

மெக்கானிக் அவர் மனைவியின் தம்பி. வண்டி அவனுடையதல்ல, பட்டறைக்கு வந்த ஒரு வாடிக்கையாளருடையது. அவனுடைய வண்டி பட்டறை மூலையில் எலும்பும் தோலுமாகப் பிரிந்து கிடந்தது. இந்த வண்டியின் இன்ஜின் சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து, புது பிஸ்டன் போட்டு, அன்று காலைதான் மூடியிருந்தான். புது பிஸ்டன் சிலிண்டரோடு பழகும் வரை எப்படியும் யாராவது ஓட்டிக் கொடுக்க வேண்டும். அதை இன்று இந்தப் பயணத்தில் முடித்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

“நாற்பதைத் தாண்டக் கூடாது மாமா. ஒரு மணி நேரம் ஓட்டினா இறங்கி ஆறப் போடணும். புதுசா கல்யாணம் ஆன மாதிரி. ஆரம்பத்துலயே விரட்டினா ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கும்.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது. அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

“நாற்பதுல போனா நேரத்துக்குப் போயிடுவோமா மச்சான்?”

“நாலரைக்குள்ள போயிடலாம். அக்கா அஞ்சு மணிக்குத்தானே உள்ள போகுது?”

அக்கா நர்ஸ். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் மூன்று வருட வேலை கிடைத்திருந்தது. விமானம் இன்று இரவு. ஐந்து மணிக்கு விமான நிலையத்துக்குள் போய்விட்டால் அப்புறம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான்.

வேலை கிடைத்த அன்று அவள் கேட்டாள், போகட்டுமா என்று. தையல்காரர் துணியிலிருந்து தலையைத் தூக்காமல் “உன் இஷ்டம்” என்றார். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் அதையே சொன்னார். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு விமான நிலையம் இருக்கும் ஊரில் உள்ள பெரியக்கா வீட்டுக்குப் போனாள். போகும்போது, “போங்கறதோ இருங்கறதோ, உங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வரணும். அது வந்தா போதும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நேற்று ஒரு பிளவுஸுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தபோது வார்த்தை வந்துவிட்டது. போகாதே. அதை நேரில் சொல்லத்தான் இந்தப் பயணம். பஸ்கள் வேலைநிறுத்தத்தில் நின்றுபோயிருந்தன. ரயிலில் இடமில்லை. அவருக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

ஊரைத் தாண்டியதும் மரங்கள் குறைந்தன. பிறகு இல்லாமலே போயின. சாலை நேராகப் போனது. முன்னால் தூரத்தில் தண்ணீர் தேங்கியது போலத் தெரிந்தது. பக்கத்தில் போனால் வெறும் தார். அது மறுபடி தூரத்தில் போய்த் தேங்கிக்கொண்டது.

காற்று அடித்தது. இஸ்திரிப் பெட்டியை முகத்துக்கு நேரே பிடித்தது போன்ற காற்று. ஹெல்மெட்டுக்குள் தலை வெந்தது. இருவருக்கும் நடுவில் ஸ்பேனர் பை இருந்தது. அது அவர் வயிற்றை அழுத்தியது. பின்னால் நகரப் பார்த்தார். வண்டி ஆடியது.

“அசையாதீங்க மாமா! மூட்டை மாதிரி உக்காருங்க. மூட்டை பாருங்க, எவ்வளவு மரியாதையா வரும்!”

அவர் மூட்டையாக உட்கார்ந்தார். கண்ணுக்கு நேரே மச்சானின் சட்டை முதுகு. அவரே தைத்த சட்டை. இடது தோள் தையலில் ஒரு நூல் அளவு சுருக்கம் இருந்தது. தைத்தபோது கண்ணில் படவில்லை. இப்போது அதைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை. வியர்வை அதைச் சுற்றி வெள்ளையாகக் கோடு போட்டது, காய்ந்தது, மறுபடி போட்டது.

போகாதே, என்று ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். சூடான மூச்சாகத் திரும்பி மூக்கிலேயே அடித்தது.

சரி, போகாதே என்றால் அவள் சும்மா இருப்பாளா? இருந்து என்ன செய்யட்டும் என்று கேட்பாள். கீழே கடை, இரண்டு மெஷின். மேலே தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. கோடையில் அவள் இரவு வேலை முடிந்து வந்து பகலில் அந்தத் தகரத்தின் கீழ் படுப்பாள். தூங்கினாளா என்று அவர் கேட்டதில்லை. போகாதே என்பதற்குப் பிறகு வரவேண்டிய வாக்கியம் அவரிடம் இல்லை. போகும் வழியில் கிடைக்கும் என்று நினைத்திருந்தார்.

மூன்று இடங்களில் வண்டியை ஆறப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் மெக்கானிக் சற்றுத் தள்ளிப் போய் போனில் பேசினான். ஒவ்வொரு முறையும் தையல்காரர் வேறு பக்கம் பார்த்தார். பாட்டில் தண்ணீர் டீ வைக்கும் சூட்டில் இருந்தது. அதைக் குடித்தார்கள்.

மதியம் ஒரு மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் நின்றார்கள். தட்டி போட்ட நிழல். உள்ளே ஒரு லாரி டிரைவர் பனியனோடு உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

“உங்களைக் காலையில ஒரு தடவை தாண்டினேனே!” என்றார். “டயரைக் கழட்டி, பஞ்சர் ஒட்டி, ஒரு தூக்கமும் போட்டுட்டு மறுபடி வந்து தாண்டிட்டேன். வண்டியை ஓட்டறீங்களா, இல்ல நடத்திக் கூட்டிட்டுப் போறீங்களா?”

“ரீபோர் பண்ண வண்டி அண்ணே.”

“அதுசரி. பச்சை உடம்புக்காரியை வெயில்ல இறக்கியிருக்க.” டிரைவர் சிரித்தார். “எதுவரைக்கும்?”

“ஏர்போர்ட். மாமா அஞ்சு மணிக்குள்ள போயாகணும்.”

டிரைவர் கடை கடிகாரத்தைப் பார்த்தார். “இந்த வேகத்துலயா? சரியாப் போச்சு. நான் அந்த வழியாத்தான் போறேன். ஒருத்தர் ஏறலாம். நாலு மணிக்கு ஏர்போர்ட் சாலை முனையில இறக்கி விட்டுடறேன். என்ன சார், வர்றீங்களா?”

தையல்காரர் எழுந்தார். எழுந்தபிறகு மச்சானைப் பார்த்தார். அவன் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தவன். கைகள் சிவந்திருந்தன. உதடு வெடித்திருந்தது. இவ்வளவு தூரம் கொண்டுவந்தவனை நடுவழியில் விட்டுவிட்டு எப்படி ஏறுவது?

“என்ன மச்சான்?” என்றார்.

“போறதுன்னா போங்க மாமா.”

“நீ என்ன சொல்ற?”

“நான் என்ன சொல்றது? உங்க விஷயம். போகணும்னு தோணினா போங்க.”

போ என்று அவன் சொல்லியிருந்தால் போயிருப்பார். இரு என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பார். இரண்டையும் அவன் சொல்லவில்லை.

“உன் இஷ்டம்” என்றார் தையல்காரர்.

டிரைவர் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். சோடாவை முடித்தார். சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நல்ல ஆளுங்கய்யா” என்றார். “பொண்ணு பாக்கப் போனாக்கூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க.”

லாரி கிளம்பியது. அது கிளப்பிய புழுதி வெயிலில் கலையாமல் வெகுநேரம் நின்றது.

மறுபடி வண்டி. மறுபடி நாற்பது. மறுபடி தோள் தையல். லாரியில் ஏறியிருந்தால் இந்நேரம் எங்கே போயிருப்போம் என்று தையல்காரர் யோசிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. பின்னால் வந்ததெல்லாம் தாண்டிப் போனது. பள்ளிக்கூட வேன் ஒன்று தாண்டியது. மூன்று பேர் உட்கார்ந்த மொபெட் ஒன்று தாண்டியது. அதில் நடுவில் உட்கார்ந்திருந்தவன் திரும்பிக் கையசைத்தான்.

மச்சான் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனது நினைவுக்கு வந்தது. ஒரு தடவையா, மூன்று தடவை. யாரோடு பேசினான் என்று சொல்லவில்லை. லாரியில் ஏறு என்றும் சொல்லவில்லை. வெயிலில் வெந்த தலைக்குள் அதெல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டது.

ஹெல்மெட்டின் முன்கண்ணாடியைத் தூக்கினார். அவன் காதருகே குனிந்தார்.

“மச்சான், ஒண்ணு கேக்கறேன். மெதுவா கூட்டிட்டு வான்னு உங்கக்கா சொன்னாளா?”

கல்யாணமான ஆறு வருடத்தில் அவர் அந்தக் குடும்பத்தில் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

மெக்கானிக் திரும்பவில்லை. அவனுடைய வலது மணிக்கட்டு மட்டும் மெல்ல உள்பக்கம் திரும்பியது.

ஐம்பது. அறுபது. வண்டியின் சத்தம் மாறியது. வியர்வை ஊறிய சட்டைக்குள் காற்று புகுந்து உப்பியது. காலையிலிருந்து முதல்முறையாகத் தையல்காரருக்குக் குளிர்ந்தது. எழுபது. பள்ளிக்கூட வேனைத் தாண்டினார்கள். மொபெட்டைத் தாண்டினார்கள். நடுவில் இருந்தவனுக்கு அவர் கையசைத்தார். அசைக்கும்போதே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அசைத்தார். அந்தக் கொஞ்ச நேரம் அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதும் தெரிந்தது.

அப்போது இன்ஜினிலிருந்து ஒரு கீச்சல் வந்தது. பின்சக்கரம் சுற்றுவதை நிறுத்தித் தாரில் இழுபட்டது. மெக்கானிக் சட்டென்று கிளச்சைப் பிடித்தான். வண்டி இருபுறமும் அலைந்து, சத்தமில்லாமல் உருண்டு, ஓரத்து மண்ணில் நின்றது.

இருவரும் இறங்கினார்கள். மெக்கானிக் ஹெல்மெட்டைக் கழற்றினான். கிக்கரை மிதித்தான். கல்லை மிதித்தது போல் இருந்தது.

“பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு” என்றான்.

“இப்ப என்ன பண்றது?”

“ஆறணும்.”

“எவ்வளவு நேரம்?”

அவன் சாலையின் இரு பக்கமும் பார்த்தான். “இந்த வெயில்ல எது ஆறும்?”

திட்டுவான் என்று தையல்காரர் காத்திருந்தார். அவன் திட்டவில்லை. பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பிளக்கைக் கழற்றினான். அந்த ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டான். அடுத்தவன் நம்பிக் கொடுத்த வண்டி. தையல்காரர் பக்கத்தில் நின்று தன் நிழல் இன்ஜின் மேல் விழும்படி பார்த்துக்கொண்டார். அதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை. போகிற வண்டிகளுக்கு எல்லாம் கை நீட்டினார். ஒன்றும் நிற்கவில்லை.

சாலைக்கு அடியில் ஒரு குழாய்ப் பாலம் இருந்தது. தண்ணீர் போகக் கட்டியது. உள்ளே வறண்ட மண்ணும் பிளாஸ்டிக் பாட்டில்களும் கிடந்தன. குனிந்து உள்ளே போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தலை நிமிர்த்த இடமில்லை. மேலே லாரிகள் போகும்போதெல்லாம் மண் உதிர்ந்தது.

“அக்கா ஒண்ணும் மெதுவா வரச் சொல்லல” என்றான் மெக்கானிக், தலையில் விழுந்த மண்ணைத் தட்டிக்கொண்டே.

“விடு மச்சான். வெயில்ல ஏதோ உளறிட்டேன்.”

“காலையில இருந்து மூணு தடவை கேட்டுச்சு. எங்க வர்றீங்க, எங்க வர்றீங்கன்னு. உங்ககிட்ட சொல்லாதேன்னு சொல்லுச்சு. அவரா வரட்டும், நீ அவசரப்படுத்தாதே, பேசவும் சொல்லிக் குடுக்காதேன்னு.” அவன் உள்ளங்கையில் எழும்பியிருந்த கொப்புளத்தைப் பார்த்தான். “லாரிக்காரர் கேட்டப்பவும் அதனாலதான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். இல்லன்னா உங்களைக் கழுத்தைப் பிடிச்சு ஏத்தி விட்டிருப்பேன் மாமா.”

தையல்காரர் குழாயின் வாயைப் பார்த்தார். வட்டமாக வெயில். அதில் எதுவும் அசையவில்லை.

“நான் என்ன சொல்லப் போறேன்னு அவ கேட்டாளா?”

“கேட்டுச்சு. எனக்குத் தெரியாதுன்னேன். உங்களுக்காவது தெரியுமா?”

அவர் பதில் சொல்வதற்குள் மெக்கானிக்கின் போன் அடித்தது. எடுத்தான். “ஹலோ, அக்கா? ஹலோ?” குழாய்க்குள் சரியாகக் கேட்கவில்லை. கையைக் காட்டிவிட்டுத் தவழ்ந்து வெளியே போனான். தையல்காரரும் தவழ்ந்து போனார். சரிவில் ஏறி சாலைக்கு வந்ததும் கண் இருட்டியது.

“இல்லக்கா... வண்டி நின்னுடுச்சு... பாதி தூரம் தாண்டிட்டோம்... இல்ல, இனிமே முடியாது... ஆமா, இங்கதான் நிக்கறாரு.”

அவன் போனை நீட்டினான். பிறகு வண்டியருகே போய், முதுகைக் காட்டிக்கொண்டு கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தான்.

போன் காதைச் சுட்டது.

“நான்தான்” என்றார் தையல்காரர்.

“தெரியுது.” அவள் குரலுக்குப் பின்னால் பெட்டிகள் உருளும் சத்தம். ஒலிபெருக்கியில் யாரோ எண்களைச் சொன்னார்கள். “தண்ணி குடிச்சீங்களா?”

“குடிச்சேன்.”

“நர்ஸுங்க எல்லாரையும் அஞ்சு மணிக்கு முன்னாடியே உள்ள கூப்பிட்டுட்டாங்க. வரிசை நகருது. எனக்கு முன்னாடி நாலஞ்சு பேர்தான்.”

“கொஞ்சம் பொறு. வண்டி ஆறிடும். ஆறினதும்...”

“வராதீங்க. இந்த வெயில்ல இனிமே வந்து என்ன?”

“நேர்ல வந்து சொல்லணும்னுதான்...”

“ஏங்க.”

அவர் பாதத்தின் கீழே தார் செருப்பைப் பிடித்திருந்தது. காலைத் தூக்கினார். வரவில்லை. போன் கையிலிருந்து வழுக்கியது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் பெட்டிகள் ஓர் அடி முன்னால் உருண்டு நின்றன.

“வழி முழுக்க யோசிச்சிருப்பீங்க இல்ல? சொல்லுங்க. போகவா, இருக்கவா?”