நாலு மணிப் பால்

சோப்புத்தூள் கம்பெனியில் அவளுக்கு, பாக்கெட்டுகள் நகர்ந்து வரும் பெல்ட்டின் கடைசியில் வேலை. எடை குறைந்த பாக்கெட்டை மெஷின் ஒரு தட்டு தட்டி அவள் மேஜைக்குத் தள்ளிவிடும். குறைவதை அள்ளிப் போட்டு, வாயை ஒட்டி, மறுபடி பெல்ட்டில் ஏற்ற வேண்டும். மாலை ஆறிலிருந்து விடிகாலை மூன்று வரை இதுதான். நான்கு வருடத்தில் தராசைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். கையில் எடுத்தாலே தெரிந்துவிடும்.

வீடு வந்து சேர நாலாகும். படியில் அவள் ஷூச் சத்தம் கேட்டதும் மூட்டை விழித்துக்கொள்ளும். மூட்டை அவளுடைய மகள். இரண்டே கால் வயது. தூக்கினால் இடுப்பு விட்டுப்போகும் என்று தகப்பன் வைத்த பெயர் அது. தொட்டில் கட்டிலின் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, "ம்மா, பா" என்று கை நீட்டும். பா என்றால் பால். ஒரு கையால் பாட்டிலையும் மறு கையால் அவள் காதையும் பிடித்துத் திருகிக்கொண்டே குடிக்கும். இருபது நிமிடம். பிறகு மடியிலேயே தூங்கிவிடும்.

ஒரு நாளில் அவளுக்குக் கிடைக்கிற பிள்ளை அவ்வளவுதான். ஏழு மணிக்குக் கணவன் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு டயர் கடைக்குப் போவான். அப்போது அவள் தூக்கத்தில் இருப்பாள். அவன் குழந்தையோடு திரும்பும்போது அவள் வேலைக்குக் கிளம்பியிருப்பாள். ஏழு மணிக்கு அலாரம் வைத்தும் பார்த்தாள். மூன்றாம் நாள் பெல்ட் ஓரத்தில் நின்றபடியே தூங்கி விழுந்ததில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வார விடுமுறையன்று பிணம்போலக் கிடப்பாள். குழந்தை அவள் முதுகைத்தான் பார்க்கும்.

ஒரு நாள் டீ இடைவேளையில் கணவன் போன் செய்தான். மூட்டையைப் பல் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்திருந்தான்.

"முன்பல்லு நாலும் அரிச்சுப் போச்சாம். ராத்திரி பால்தான் காரணமாம். தூக்கத்துல வாயில அப்படியே தங்கிடுதாம்."

"நிறுத்தணுமா?"

"ஒரேயடியா நிறுத்தினா கத்தி ஊரைக் கூட்டுவா. பால் பவுடரை வாரத்துக்கு ஒரு ஸ்பூன் குறைக்கச் சொன்னாரு. ஆறு, அஞ்சு, நாலு, கடைசியில வெறும் தண்ணி. தண்ணிக்கு எவ எந்திரிப்பா?"

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான். காது கேக்குது."

அவன் பவுடரை அளந்து பாட்டிலில் போட்டு, மூடி வைத்துவிட்டுத் தூங்குவான். அவள் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் போதும். ஐந்து ஸ்பூன் போட்ட முதல் நாள், பாட்டிலைத் தூக்கியதுமே குறைகிறது என்று அவள் கைக்குத் தெரிந்தது. பவுடர் டின்னைத் திறந்து, ஒரு ஸ்பூன் போட்டு, மூடிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. கொட்டிவிட்டு வேறு கலக்கியிருக்கலாம். கலக்கவில்லை. மறுநாள் கைமேல் பழி போட முடியாது. தெரிந்தேதான் போட்டாள்.

நான்கு ஸ்பூன் வைத்த வாரம் இரண்டு போட்டாள். மூன்று வைத்தபோது மூன்று. மூட்டை நாலு மணிக்கு எழுவதும் காதைத் திருகுவதும் நிற்கவில்லை.

"ஒரே ஒரு ஸ்பூன்தான் போடறேன். அதையும் உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கிறாளே, என்ன பிறவி இது?" என்று ஐந்தாம் வாரம் போனில் சிரித்தான் கணவன். "டின்னு மட்டும் சீக்கிரம் காலியாகுது. நீ ஏதும் திருட்டுத்தனமா தின்னுறியா?"

அவளும் சிரித்துவைத்தாள்.

எதிர் மேஜைக்காரியிடம் மட்டும் சொன்னாள். அந்த அக்கா இந்த ஷிப்டில் பதினெட்டு வருடம் ஓட்டியவள்.

"என் மக இப்ப காலேஜ் போறா. 'வாங்க, சாப்டீங்களா'ன்னு கேக்கறா. விருந்தாளியைக் கேக்கற மாதிரி."

"அதாங்க்கா பயமா இருக்கு."

"பயந்தா? புள்ள பல்லைப் பலி குடுப்பியாடி?"

அவள் ஒரு பாக்கெட்டை எடுத்து வாயை ஒட்டினாள்.

எட்டாம் வாரம் மூட்டைக்கு மேலுதடு வீங்கிக் காய்ச்சல் வந்தது. பல் வேரில் சீழ். மயக்க மருந்து கொடுத்து நான்கையும் பிடுங்கினார்கள். லீவு போட்டுவிட்டு அவள் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண் விழித்த குழந்தையை நர்ஸ் தூக்கி வந்தாள். அது அம்மாவைத் தாண்டிப் பார்த்து, "ப்பா" என்று அழுதது. அவன் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"ராத்திரி பாலை நிறுத்தச் சொன்னேனே?" என்றார் டாக்டர்.

"நிறுத்திட்டோம் சார். ரெண்டு வாரமா வெறும் தண்ணிதான்."

"இல்லை," என்றாள் அவள். "நான் போட்டேன். தினமும் ஆறு."

டாக்டர் ஏதோ எழுதினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, கணவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டான்.

"ஏன்?"

"அவ எந்திரிக்கணும்னு."

அவன் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?"

அவன் யோசித்தான். "டின்னை ஒளிச்சு வெச்சிருப்பேன்."

அவன் டின்னை ஒளித்து வைக்கவில்லை. அது அடுப்பு மேடையிலேயே இருந்தது. மறுநாளிலிருந்து அவள் தண்ணீர் மட்டும் ஊற்றினாள். முதல் நாள் மூட்டை ஒரு வாய் இழுத்தது. பாட்டிலை எடுத்துப் பார்த்தது, அவளைப் பார்த்தது, பிறகு வீசி எறிந்தது. முன்பல் இல்லாத வாயைத் திறந்து அழுத அழுகையில் மேல்வீட்டுக்காரன் தரையைத் தட்டினான். மூன்றாம் நாள் அழுகை பாதியானது. ஐந்தாம் நாள் பாட்டிலைத் தொடவே இல்லை. காதை மட்டும் இரண்டு திருகு திருகிவிட்டுத் தூங்கியது.

எட்டாம் நாள் அவள் படி ஏறி உள்ளே வந்தபோது கம்பியைப் பிடித்து யாரும் நிற்கவில்லை. மூட்டை கவிழ்ந்து படுத்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. டின் மூடியைத் திறந்தால் டக்கென்று ஒரு சத்தம் வரும். அது போதும், எழுந்துவிடும். டின்மேல் கை வைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

மதியம் எழுந்தபோது வீட்டில் யாருமில்லை. பாட்டிலுக்கு அடியில் கணவன் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தான். 'ஜெயிச்சிட்டோம்' என்று எழுதி, அதை அடித்திருந்தான். அதற்குக் கீழே: 'மூட்டை எழுந்திருக்கல போல. சாப்பிட்டுட்டு வேலைக்குப் போ.'

சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள். மறுநாள் விடிகாலை கீழ்ப்படியிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள்.